ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி பக்கத்துப் பிள்ளைகள் காலையில் ரோலர் ஸ்கேட்டிங் பழகும் ஒரு பயிற்சிக் குழுவில் நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். குளிர்கால ஒலிம்பிக் ஜோடி ஆட்டங்களின் வீடியோத் துணுக்குகள் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியதிலிருந்து, சுவரோரம் காத்திருக்கும் பெற்றோர் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். இந்த விளையாட்டை ஓரளவு அறிந்தவர்கள் நேராக 6ஆம் கேள்விக்குப் போய்விடலாம்.

1. ஜோடி ஸ்கேட்டிங்னா ரெண்டு பேரு கை கோத்துக்கிட்டு ஆடுறதுதானே சார்?

கை கோத்து ஆடுவது அதில் ஒரு சிறு பகுதிதான். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சுமார் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில் ஒரே இசைக்கு ஆடும் போட்டி இது. சீனியர் பிரிவில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. குறும் ஆட்டத்துக்கு 2 நிமிடம் 40 விநாடி, நெடிய ஆட்டத்துக்கு 4 நிமிடம். இரண்டிலும் 10 விநாடி கூடவோ குறையவோ செய்யலாம். இரண்டின் மதிப்பெண்களையும் கூட்டி இடத்தை முடிவு செய்கிறார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இந்தப் பிரிவு நடந்திருக்கிறது.

ஆட்டத்தின் உயிர் சில குறிப்பிட்ட வித்தைகளில் இருக்கிறது. ஆண் தன் தலைக்கு மேல் பெண்ணைத் தூக்கிக்கொண்டு சுழன்றபடியே தளத்தைக் கடப்பது ‘லிஃப்ட்’. பெண்ணை மேலே எறிந்து, அவர் காற்றில் சுழன்று இறங்கும்போது இடுப்பைப் பிடித்து இறக்குவது ‘ட்விஸ்ட்’. ஆணின் கைவீச்சின் துணையோடு பெண் பாய்ந்து, சுழன்று, தூரத்தில் ஒற்றைக் காலில் தானே இறங்குவது ‘த்ரோ ஜம்ப்’. ஆண் ஒரு காலின் நுனியைத் தளத்தில் ஊன்றி அச்சாக நிற்க, பெண் அவர் கையைப் பிடித்தபடி தலை தரையை உரசும் அளவுக்குச் சாய்ந்து வட்டமிடுவது ‘டெத் ஸ்பைரல்’. இவற்றோடு, இருவரும் அருகருகே ஒரே நேரத்தில் செய்யும் குதிப்புகளும் சுழல்களும் உண்டு. பார்ப்பவர்கள் லிஃப்ட்டைப் பார்த்துக் கைதட்டுவார்கள். பயிற்சியாளர்களோ அருகருகே செய்யும் குதிப்பைத்தான் அதிகக் கவலையோடு பார்ப்பார்கள். ஏன் என்பது 12ஆம் பதிலில் இருக்கிறது.

2. ஐஸ் டான்ஸும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை, அது தனிப் பிரிவு. ஐஸ் டான்ஸில் தூக்குபவரின் கை தலைக்கு மேல் போகக் கூடாது. எறிதலும் ட்விஸ்ட்டும் கிடையாது. பல சுற்றுக் குதிப்புகளும் கிடையாது. அங்கே காலடியின் நுணுக்கமும் தாளமுமே பேசும். ஒலிம்பிக்கில் அது 1976இல்தான் சேர்ந்தது. உயரத்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு இசையுணர்வு நன்றாக இருந்தால், அந்தப் பக்கம் போவதில் குறைவொன்றும் இல்லை.

3. சென்னையில ஐஸே கிடையாதே, எங்க போய்ப் பழகுறது?

வடசென்னையில் ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் உடைத்துக் கொட்டும் பார் ஐஸ்தான். ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் சென்னையில் எங்கும் இல்லை. பொழுதுபோக்குக் கூடங்களின் பனி அறைகள் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வருவதற்கானவை. அங்கே பழகி ஜோடி ஆட்டக்காரர் ஆகிவிட முடியாது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கத் தளம் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2025இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் சிறு தளம் உண்டு. சிம்லாவின் திறந்தவெளித் தளம் குளிர்மாதங்களில் மட்டும் உறையும்.

ஆகவே இங்கிருந்து தொடங்கும் பிள்ளைக்கு நடைமுறையில் உள்ள வழி சக்கரம்தான். ரோலர் ஸ்கேட்டிங்கில் ‘ஆர்டிஸ்டிக்’ என்றொரு பிரிவு இருக்கிறது; அதில் ஜோடிப் போட்டியும் உண்டு. 1ஆம் பதிலில் சொன்ன லிஃப்ட், ட்விஸ்ட், த்ரோ ஜம்ப், டெத் ஸ்பைரல் எல்லாம் அங்கேயும் உண்டு. காலில் பிளேடுக்குப் பதிலாக நான்கு சக்கர ஸ்கேட் இருக்கும், அவ்வளவுதான். மாவட்டம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாகப் போட்டிகள் இருப்பதும் அதில்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரோலர் ஆர்டிஸ்டிக் ஒலிம்பிக்கில் இல்லை.

4. சக்கரத்துல நல்லாப் பழகிட்டா ஐஸ்ல தானா வந்துடுமா?

தானாக வராது, ஆனால் வீணாகவும் போகாது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் டாரா லிபின்ஸ்கி சிறு வயதில் சக்கரத்தில்தான் தொடங்கினார். ரோலர் பிரிவில் தேசியப் பட்டமும் வென்ற பிறகே பனிக்கு முழுமையாக மாறினார். காற்றில் உடலை இறுக்கிச் சுழல்வது, இறங்கும் காலின் முழங்காலை மடக்குவது, கூட ஆடுபவரின் மூச்சைக் கேட்டு அடியெடுப்பது ஆகியவை இரண்டுக்கும் பொது.

வேறுபடுவது பாதத்துக்குக் கீழே இருப்பது. பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருப்பதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. ஆட்டக்காரர் எப்போதும் அவற்றில் ஒன்றின்மேல் சாய்ந்தே செல்கிறார். குவாட் ஸ்கேட்டில் நான்கு சக்கரங்களின் அச்சைச் சாய்த்து அதே வளைவைக் கொண்டுவர வேண்டும். ஸ்கேட்டின் எடையும் கூடுதல். சக்கரத்திலிருந்து பனிக்குப் போகும் பிள்ளை முதல் நாட்களில் கால் வழுக்கி ஓடுவதாகச் சொல்வது வழக்கம். அது விளிம்பைக் கண்டுபிடிக்கும்வரைதான்.

5. நம்ம நாட்டுல யாராவது இதுல ஜெயிச்சிருக்காங்களா?

சக்கரத்தில் ஜெயித்திருக்கிறார்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா, அவனி பஞ்சால் இணை ஜோடிப் பிரிவில் வெண்கலம் வென்றது. அதே போட்டியில் ஒற்றையர் பிரிவிலும் யாமா வெண்கலம் வென்றார். 2015இல் அர்ஜுனா விருதும் பெற்றார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலக சாம்பியன் ஆனதைச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது வேகப் பிரிவு. காலணியும் பயிற்சியும் வேறு. ஆனால் சென்னையின் தரையில் பழகிய கால்கள் உலக மேடை வரை போகும் என்பதற்கு அவர் சாட்சி. பனியில் ஒற்றையர் பிரிவில் தாரா பிரசாத் இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டிகளில் ஆடிவருகிறார். ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவிலிருந்து இதுவரை யாரும் ஆடியதில்லை.

அடித்தளமே இல்லாத இடத்திலிருந்து எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சீனாவைத்தான் சொல்வேன். ஹார்பினைச் சேர்ந்த யாவ் பின், ஜோடி ஆட்டத்தின் வித்தைகளைப் பெரும்பாலும் புகைப்படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டு, 1980இல் டார்ட்மண்ட் உலகப் போட்டிக்குப் போய்க் கடைசி இடம் பிடித்தார். பிறகு பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற ஷென் ஷுவே, ஜாவ் ஹோங்போ இணை 2002, 2006 ஒலிம்பிக்குகளில் வெண்கலமும் 2010 வான்கூவரில் தங்கமும் வென்றது. 1964 முதல் ஜோடித் தங்கத்தை விடாமல் வைத்திருந்த சோவியத், ரஷ்ய வரிசை அங்கேதான் முறிந்தது. கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு 30 ஆண்டு. அதுவும் ஆட்டக்காரராகக் கடைசி இடம், ஆசிரியராக முதல் இடம். நம் பிள்ளைகளில் சிலர் அந்த முதல் தலைமுறை ஆட்டக்காரர்களாக இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே சேர்ப்பது நல்லது.

6. எத்தனை வயசுல சேர்க்கணும்? என் பொண்ணுக்குப் பதினொண்ணு ஆயிடுச்சே.

உலக அளவில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் காலில் ஸ்கேட் மாட்டியவர்கள். ஆனால் அப்போதே ஜோடி சேர்ந்துவிடுவதில்லை. முதலில் சில ஆண்டுகள் தனியாக ஆடிக் குதிப்பையும் சுழலையும் உறுதியாக்கிக்கொண்டு, பதின்வயதை ஒட்டித்தான் ஜோடிக்கு வருவார்கள். பையன்கள் இன்னும் தாமதமாக வருவதுண்டு. தோளும் முதுகும் பலப்பட வேண்டும். 11 வயதில் தொடங்கும் பெண் பிள்ளைக்கு மாநில, தேசியப் போட்டிகளை எட்ட வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மேல் வாக்குறுதி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் பனிப் போட்டிகளில் சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்த 2022இல் முடிவு செய்து, 2024–25 பருவம் முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இது ஜோடி ஆட்டத்துக்குப் பொருத்தமான விதி என்பது என் கருத்து. இந்தப் பிரிவில் 20களின் நடுவிலும் 30களிலும் உச்சம் தொடுவது சகஜம். டியானா ஸ்டெல்லாட்டோ டுடெக் 2000இல் அமெரிக்காவுக்காக ஜூனியர் ஒற்றையர் உலகப் போட்டியில் வெள்ளி வென்று, காயத்தால் விலகி, ஏறத்தாழ 16 ஆண்டுகள் வேறு வேலை பார்த்தபின் ஜோடி ஆட்டக்காரராகத் திரும்பினார். 2024 மார்ச்சில் மாண்ட்ரியலில் மாக்ஸிம் டெஷாம்புடன் கனடாவுக்காக உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 40. ஆனால் சிறுவயதில் போட்ட அடித்தளம் அவருக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

7. ஜோடி யாரு பார்த்துத் தருவாங்க? நாங்களே தேடணுமா?

இந்த வாழ்க்கையின் மையக் கேள்வி இதுதான். ஒற்றையர் பிரிவில் திறமையும் உழைப்பும் இருந்தால் ஆடத் தொடங்கிவிடலாம். இங்கே இரண்டும் இருந்தும் ஜோடி அமையாமல் ஆட்டமே நடக்காமல் போனவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகள் நிறைய, பையன்கள் குறைவு என்பது உலகெங்கும் உள்ள நிலைமை. வடசென்னையிலும் அதேதான். பையன்கள் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் போய்விடுகிறார்கள். ஸ்கேட்டிங்குக்கு வருபவர்களும் வேகப் பிரிவையே கேட்கிறார்கள். ஆர்டிஸ்டிக்கில் நிலைத்து நிற்கும் ஒரு பையனைச் சுற்றி நான்கைந்து பெற்றோர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

வழக்கமாகப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பேசி, இருவரையும் சேர்த்து ஆடவிட்டுப் பார்ப்பார்கள். இதை ‘டிரைஅவுட்’ என்பார்கள். அன்று தூக்குவது, எறிவது எதுவும் முதலில் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு தளத்தைச் சும்மா சுற்றிவரச் சொல்வார்கள். முழங்கால் ஒரே கணத்தில் மடங்குகிறதா, அடியின் நீளம் ஒத்துப்போகிறதா, திருப்பத்தில் யார் யாரை இழுக்கிறார் என்று பார்ப்பார்கள். பிறகு இருவரும் எந்தப் பக்கம் சுழல்கிறார்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலோர் இடஞ்சுழி. ஒருவர் இடமும் மற்றவர் வலமும் சுழல்பவராக இருந்தால் அருகருகே செய்யும் குதிப்பும் ட்விஸ்ட்டும் பெரும் சிக்கலாகிவிடும். எத்தனை நல்ல பிள்ளைகளாக இருந்தாலும் பல பயிற்சியாளர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உயரத்துக்கு விதி இல்லை. ஆண் நன்றாக உயர்ந்தும் பெண் சிறிய உடல்வாகோடும் இருந்தால் தூக்குவது எளிது என்பதால் அப்படித் தேடுகிறார்கள்.

பொருந்தும் ஜோடி அமைந்தால் எல்லாம் மாறிவிடும் என்பதற்கு ஜப்பானின் கிஹாரா ர்யூய்ச்சியைப் பாருங்கள். ஒற்றையரிலிருந்து ஜோடிக்கு வந்து, இரண்டு துணைகளோடு ஆடிப் பெரிய வெற்றி காணாமல் இருந்தவர், 2019இல் மியூரா ரிக்குவோடு சேர்ந்தார். 2023இல் இருவரும் உலக சாம்பியன்கள் ஆனார்கள். நம் அளவில் நான் சொல்வது: ஆட்டப் பொருத்தம் பார்த்தபின் வீட்டுப் பொருத்தமும் பாருங்கள். ஒருவர் மாதவரத்திலும் மற்றவர் தாம்பரத்திலும் இருந்தால் பள்ளிக்கு முன் காலைப் பயிற்சி எத்தனை நாள் நடக்கும்? உடைக்கும் பயணத்துக்கும் யார் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு காலம் சேர்ந்து ஆடுவது என்பதை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. வேற பையனைத் தேடுறதுக்கு அண்ணன் தங்கச்சியையே ஆட வச்சா என்ன?

வைக்கலாம், விதியில் தடையில்லை. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்காவின் கிட்டி, பீட்டர் கேரதர்ஸ் இருவரும் உடன்பிறப்புகள். போக்குவரத்து ஒன்று, பயிற்சி நேரம் ஒன்று, வெளியார் பேச்சு இல்லை என வசதிகள் உண்டு. தொல்லை என்னவென்றால், தங்கை அண்ணனின் உயரத்தை எட்டிவிட்டால் ஜோடி ஆட்டம் கடினமாகிவிடும். அப்போது ஐஸ் டான்ஸோ, சக்கரத்தில் கப்பிள் டான்ஸோ பொருத்தமாக இருக்கும். வீட்டுச் சண்டை தளத்துக்கு வருவதும், தளத்துச் சண்டை சாப்பாட்டுத் தட்டு வரை போவதும் தனிக் கதை.

9. வயசுக்கு வந்த பொண்ணை ஒரு பையன் தூக்குறான், பிடிக்கிறான். அது சரியா இருக்குமா மேடம்?

என்னைவிட எங்கள் பெண் பயிற்சியாளரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை. ஜோடி ஆட்டத்தில் எங்கே பிடிப்பது என்பது தற்செயலாக நடப்பதில்லை. லிஃப்ட்டுகளையே பிடியை வைத்துத்தான் ஐந்து வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: அக்குள், இடுப்பு, கையிலிருந்து இடுப்பெலும்பு, கையோடு கை, கையோடு கை பிடித்தே சுழற்றி ஏற்றும் லாசோ வகை. பயிற்சி இப்படி நடக்கும்: முதலில் தரையில் மெத்தை விரித்து, சக்கரம் இல்லாமல் நிற்க வைப்பார்கள். பிடி எங்கே வரும் என்பதைப் பயிற்சியாளர் இருவருக்கும் வாயால் சொல்லிக் காட்டுவார். பெண் ‘சரி’ என்று சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். கையோடு கை பிடிக்கும் லிஃப்ட்டில் பெண் முழங்கையை நேராக்கி, உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தாவிட்டால் எவ்வளவு பலமான பையனாலும் அவரை மேலே நிறுத்த முடியாது. தூக்கப்படுபவர் சும்மா இருக்கிறார் என்று நினைப்பவர்கள் ஒரு முறை அருகில் நின்று அந்த மணிக்கட்டு நடுங்குவதைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய ஏற்பாடுகள் சில உண்டு. பயிற்சி எப்போதும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். பயிற்சியாளர் பிள்ளையோடு தனியாகக் கைபேசியில் செய்தி பரிமாறக் கூடாது. இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பிள்ளை ‘இந்தப் பிடி எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால் அன்று அந்த லிஃப்ட் கிடையாது. காரணம் கேட்பது பிறகு. இது பையன்களுக்கும் பொருந்தும்.

10. விழுந்தா என்ன ஆகும்? வீடியோ பார்த்தாலே வயித்தைக் கலக்குது.

விழுவார்கள். பெரும்பாலும் முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, இடுப்பில் அடிபடும். பெரிய விபத்துகளும் நடந்திருக்கின்றன. 1996இல் ரீகாவில் அருகருகே சுழலும் பயிற்சியின்போது துணைவரின் பிளேடு யெலேனா பெரெஷ்னயாவின் மண்டையோட்டைத் துளைத்தது. சில காலம் பேச்சே வரவில்லை. 2004இல் பிட்ஸ்பர்க் போட்டியில், தூக்கியிருந்த மாக்ஸிம் மாரினின் கால் தடுக்கியதால் தத்யானா தோத்மியானினா உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். இந்த இரண்டு பெண்களும் தேறி வந்து பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள் என்பது உண்மை. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதைவிட, முதல் விபத்து மிக எளிய வித்தையில், இருவருக்கும் இடையே தூரம் குறைந்ததால் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் ஒழுங்குமுறை முக்கியம். 9ஆம் பதிலில் சொன்ன மெத்தைப் பயிற்சி, பிறகு பயிற்சியாளர் பிடித்துக்கொள்ளும் பட்டை, பிறகு சக்கரத்தோடு மெதுவாக, கடைசியில் இசையோடு என்ற வரிசையை யாரும் தாண்டக் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அன்று மீண்டும் ஆடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சிமெண்ட் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் நிற்கும். அன்று லிஃப்ட் வேண்டாம். ஷட்டில் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பவர்கள், அதன் நீளம் 13.4 மீட்டர்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; அங்கே நின்று செய்யும் பயிற்சிதான் முடியும்.

11. பொண்ணு எடையைக் குறைக்கணும்னு ஒரு கோச் சொல்றாரு. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடலாமா?

கூடாது. வளரும் பெண் பிள்ளையின் சாப்பாட்டில் கை வைப்பது எலும்பையும் மாதவிடாய்ச் சுழற்சியையும் கெடுக்கும். களைப்பில் பிடி தளர்ந்தால் 10ஆம் பதிலில் சொன்னது நடக்கும். தூக்க முடியவில்லை என்றால் பையனின் தோள் பலத்தையும் இருவரின் நேரக் கணக்கையும் சரிசெய்ய வேண்டும். உணவில் மாற்றம் வேண்டுமென்றால் அதை ஒரு மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொல்லட்டும்.

12. ஒருத்தர் நல்லா ஆடி இன்னொருத்தர் சொதப்பிட்டா மார்க் எப்படிப் போடுவாங்க?

மதிப்பெண் ஜோடிக்குத்தான், தனித்தனியாக இல்லை. ஒவ்வொரு வித்தைக்கும் அடிப்படை மதிப்பு ஒன்று உண்டு. அதைச் செய்த தரத்துக்கு நடுவர்கள் −5இலிருந்து +5 வரை தருவார்கள். பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்கள் இருப்பார்கள், மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். இதோடு ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என மூன்று கூறுகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஒருவர் விழுந்தால் 1 புள்ளி, இருவரும் விழுந்தால் 2 புள்ளி கழியும். அருகருகே குதிக்கும்போது ஒருவர் மூன்று சுற்றும் மற்றவர் இரண்டு சுற்றும் சுற்றினால், குறைந்த சுற்றே இருவருக்கும் கணக்கு. பயிற்சியாளர்கள் அந்தக் குதிப்பைக் கவலையோடு பார்ப்பது இதனால்தான்.

2018 பியாங்சாங்கில் ஜெர்மனியின் அல்யோனா சாவ்சென்கோ, புரூனோ மாசோ இணையில் குறும் ஆட்டத்தின்போது மாசோ மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றே சுற்றினார்; நான்காம் இடத்துக்கு இறங்கினார்கள். நெடிய ஆட்டத்தில் 159.31 புள்ளி எடுத்து, வெறும் 0.43 புள்ளி வித்தியாசத்தில் சீன இணையைத் தாண்டித் தங்கம் வென்றார்கள்.

இந்த முறையே ஒரு ஜோடிப் போட்டியின் தகராறில் பிறந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் ரஷ்ய இணைக்குத் தங்கம் கொடுத்தபின், ஒரு நடுவர்மீது முறைகேட்டுப் புகார் எழுந்து, கனடா இணைக்கும் தங்கம் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் 6.0ஐ உச்ச மதிப்பெண்ணாக வைத்த பழைய முறை போய், இன்றுள்ள கூட்டல் முறை வந்தது. ரோலர் ஆர்டிஸ்டிக்கிலும் இப்போது இதை ஒத்த முறையே இருக்கிறது.

13. ஜோடி பாதியில பிரிஞ்சிட்டா அத்தோட எல்லாம் போச்சா?

போகாது, ஆனால் பல ஆண்டு உழைப்பில் ஒரு பகுதி கழியும். பிடி, தாளம், நம்பிக்கை ஆகியவற்றை அடியிலிருந்து மீண்டும் கட்ட வேண்டும். சோவியத்தின் இரினா ரோட்னினா 1972இல் ஒரு துணையோடும் 1976, 1980இல் வேறொரு துணையோடும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1969 முதல் 1978 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள் அவருடையவை. 10ஆம் பதிலில் வந்த பெரெஷ்னயா விபத்துக்குப் பிறகு அன்டோன் சிகாருலிட்சேவுடன் சேர்ந்து 1998இல் வெள்ளியும் 2002இல் தங்கமும் பெற்றார். சாவ்சென்கோ தம் முந்தைய துணையோடு ஐந்து உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும் வென்று பிரிந்தபின்தான், மாசோவோடு அந்தத் தங்கத்தை எட்டினார். அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக்.

இவர்கள் எல்லாரும் பெண்கள் என்பதையும், தனி ஆட்டமே வலுவாக உள்ளவர்கள் என்பதையும் கவனியுங்கள். ஜோடி அமைந்த பிறகும் ஒற்றையர் பயிற்சியை விட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

14. வெளிநாட்டுல இருக்கிற பொண்ணோட சேர்ந்து என் பையன் இந்தியாவுக்கு ஆட முடியுமா?

பனியில், உலகப் போட்டி போன்ற சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியப் போட்டிகளுக்கு இருவரில் ஒருவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆடலாம். முன்பு வேறு நாட்டுக்கு ஆடியவர் என்றால் அந்நாட்டுச் சங்கத்தின் விடுவிப்பும் காத்திருப்புக் காலமும் தேவை. ஒலிம்பிக்கில் அப்படி இல்லை. இருவரும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். பிரான்ஸில் பிறந்த மாசோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதி, 2017இல் குடியுரிமை பெற்ற பிறகே 2018இல் ஆட முடிந்தது.

இந்தியாவுக்கு இது இன்னும் கடினம். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர்க்கான ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. துணைவர் தம் நாட்டுப் பாஸ்போர்ட்டையே விட்டுவிட்டு வர வேண்டும். யாராவது முகவர் ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

15. எவ்வளவு செலவாகும், ஒரு கணக்கு சொல்லுங்க.

தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும், தலைப்புகளைச் சொல்கிறேன். சக்கரத்தில்: ஸ்கேட், சக்கரம், பேரிங், பயிற்சிக் கட்டணம், உடை, போட்டி நுழைவு, ரயில் கட்டணம். தொடக்கத்திலேயே இத்தாலிய ஸ்கேட் வாங்காதீர்கள், கால் வளரும். கடற்காற்று அடிக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், பயிற்சி முடிந்ததும் துடைத்து உலர்த்தும் பழக்கத்தைப் பிள்ளைக்கே கற்றுக்கொடுத்தால் பாதிச் செலவு குறையும்.

பனியில் எல்லாமே வேறு அளவு. காலணி தனி, பிளேடு தனி. பிளேடை அவ்வப்போது தீட்ட வேண்டும். தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. நடன அமைப்பாளர், உடற்பயிற்சியாளர். மேலே போகப்போக வெளிநாட்டில் தங்கிப் பயிற்சி. இவற்றை ஜோடியின் இரண்டு குடும்பங்களும் பகிர்கின்றன. அதனால்தான் 7ஆம் பதிலில் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.

16. இதுல சம்பாதிக்க முடியுமா? கவர்மென்ட் வேலை கிடைக்குமா?

ஆட்டத்தால் மட்டும் பிழைப்பவர்கள் உலகிலேயே மிகக் குறைவு. பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் உண்டு. ஜோடியில் அதை இருவரும் பங்கிட வேண்டும். பனி நிகழ்ச்சிகளில் ஆடுவதும் பயிற்சி கொடுப்பதும்தான் நிலையான வருமானம். இத்தாலியில் காவல்துறையின் விளையாட்டுப் பிரிவுகளும் ஜெர்மனியில் ராணுவமும் ஆட்டக்காரர்களைச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. இங்கே ஐசிஎஃப் கால்பந்து வீரர்களை எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு புரியும். ஆனால் அதே கதவு ஜோடி ஸ்கேட்டிங்குக்கும் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் எந்த விளையாட்டின் எந்தப் பிரிவு, எந்த அளவுப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை நடப்பு அரசாணையில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள்.

ஆட்டக் காலம் முடிந்த பிறகு உள்ள வழிகள் மோசமில்லை. ரோட்னினா பயிற்சியாளராகி, 1995இல் செக் நாட்டு இணையை உலக சாம்பியன் ஆக்கினார். நடுவர், தொழில்நுட்ப அலுவலர், நடன அமைப்பாளர், உடற்பயிற்சி நிபுணர் என்ற வேலைகளும் உண்டு. சென்னையில் ஜோடி லிஃப்ட்டை முறையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. நன்றாகக் கற்ற ஒருவருக்கு மாணவர் பஞ்சம் வராது.

17. பத்தாவது வருது. ஒரு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் சேர்த்தா என்ன?

ஒற்றையர் என்றால் அது உங்கள் வீட்டு முடிவு. ஜோடி என்றால் நீங்கள் நிறுத்தும் ஆண்டு இன்னொரு பிள்ளையின் ஆண்டையும் நிறுத்துகிறது. முழுதாக நிறுத்துவதற்குப் பதில், தேர்வுக் காலத்தில் லிஃப்ட்டும் எறிதலும் இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி மட்டும் வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஒருவருக்குப் பத்தாவதும் மற்றவருக்குப் பன்னிரண்டாவதும் எந்த ஆண்டு வருகிறது என்பதை ஜோடி சேர்க்கும்போதே பார்த்துவிடுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது உயரமும் எடையும் மாறியிருக்கும். பழைய லிஃப்ட்டை அப்படியே தொடரக் கூடாது, மெத்தையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

18. ஒருத்தருக்கு ஆடினது போதும்னு தோணுது, இன்னொருத்தருக்கு இல்ல. யார் சொல்றது நடக்கும்?

போதும் என்று சொல்பவருடையதுதான். மனமில்லாதவரைத் தலைக்கு மேல் தூக்குவதும், மனமில்லாதவர் தூக்குவதும் ஒரே அளவு ஆபத்து. ஷென் ஷுவே, ஜாவ் ஹோங்போ இணை 2007 உலகப் பட்டத்துக்குப் பிறகு போட்டிகளிலிருந்து விலகியிருந்து, திருமணமும் செய்துகொண்டு, 2010க்காகத் திரும்பியது. அங்கே நிறுத்தியதும் திரும்பியதும் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுகள்.

சேர்ந்து எடுக்க முடியாதபோது, விலகுபவர் பருவத்தின் நடுவில் விட்டுப் போகாமல், அது முடியும்வரை ஆடிவிட்டு விலகுவது குறைந்தபட்ச நாகரிகம். காயமோ பாதுகாப்புக் காரணமோ இருந்தால் மட்டும் அன்றே நிறுத்தலாம். பயிற்சியாளரிடம் இருவரும் ஒன்றாகப் போய்ச் சொல்ல வேண்டும். விலகுபவரின் பெற்றோர் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால், மற்றவர் அடுத்த பருவத்துக்குப் புதிய துணையோடு பதிவுசெய்வதில் தடங்கல் வராது. தொடர விரும்புபவர் அதுவரை ஒற்றையர் பிரிவில் பெயர் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கட்டும். டிரைஅவுட்டுக்கு ஆள் தேடிவரும் பயிற்சியாளர்கள், போட்டியில் ஆடிக்கொண்டிருப்பவர்களையே முதலில் விசாரிப்பார்கள்.